ஈறு கெட்ட கதை

அன்பு மாணவச் செல்வங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

இந்த 'வணக்கம்' என்ற சொல்லை ஏழு மாதமாக நான் வாயால் சொல்லவில்லை. கையைக் கூப்பிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். சித்திரையில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் மேடைக்கு அழைத்தும் நான் பேச மறுத்ததில் உங்களில் பலருக்கு மனத்தாங்கல் என்று கேள்விப்பட்டேன். தினமும் காலையில் அனுப்பிக்கொண்டிருந்த குரல் பதிவும் நின்றுபோனது. "தமிழய்யாவுக்கு எங்க மேல என்ன கோபம்?" என்று ஒருவர் என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

கோபம் ஒன்றுமில்லை. என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு போய்விட்டன. பக்கத்துப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

இதைச் சொல்ல ஏன் இத்தனை வெட்கம் என்று கேட்பீர்கள். எழுத்துகளின் பிறப்பை உங்களுக்கு நடத்தியவன் நான். மேல்வாய்ப் பல்லின் அடியை நாக்கு நுனி தொட்டால் த, ந பிறக்கும். மேற்பல் கீழுதட்டைப் பொருந்தினால் வ பிறக்கும் என்று நன்னூல் சொன்னதை, கண்ணாடி கொண்டுவரச் சொல்லி உங்கள் வாயையே பார்க்கவைத்தவன். அந்தப் பல் எனக்கு இல்லாமல் போனதும் 'வணக்கம்' பாதி காற்றாக வந்தது. 'நன்றி' வழுக்கியது. 'தமிழ்' என்று சொன்னால் என் காதுக்கே அது தமிழாகக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் உச்சரிப்பைத் திருத்தியவன் உங்கள் முன்னால் எப்படி ஒலிபெருக்கியைப் பிடிப்பது?

எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பல்லில் ஒரு சொத்தை கிடையாது. பல்வலி என்று ஒருநாள் விடுப்பு எடுத்ததில்லை. சின்ன வயதில் வாய்க்கால் கரையில் வேப்பங்குச்சி, வீட்டில் உமிக்கரி, பிறகு பற்பொடி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நாற்பத்தைந்து வயதுவாக்கில் பல் துலக்கும்போது துப்பும் எச்சிலில் சிவப்பு தெரிய ஆரம்பித்தது. அழுத்தித் தேய்த்துவிட்டோம் என்று நினைத்தேன். மெல்லத் தேய்த்தாலும் வந்தது.

ஒருநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். "பயோரியாவா இருக்கப்போகுது" என்றார் ஒருவர். அந்தச் சொல்லைச் சிறுவயதிலேயே பற்பொடிப் பொட்டலத்தில் பார்த்திருக்கிறேன். 'பல்கூச்சம், வாய்நாற்றம், பயோரியா' என்று வரிசையாகப் போட்டிருக்கும். விக்டோரியா மகாராணிக்குத் தங்கை போல இருக்கிறதே என்று அப்போது நினைத்துக்கொள்வேன். சொல் என்றால் பொருள் கேட்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லையே. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சரியாகவே சொன்னார்: "கிரேக்கச் சொல், அய்யா. 'பியோன்' என்றால் சீழ். 'ரோயியா' என்றால் ஒழுகுவது. சீழ் ஒழுகும் நோய்."

வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று ஈறை விரலால் அழுத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது. சீழ் வரவில்லை. சீழ் இல்லை, ஆகவே பயோரியா இல்லை என்று தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பொருள் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் உண்டு. நான் பொருள் தெரிந்து ஏமாந்தேன். அதற்குப் பிறகு இருபது வருடம் ஒரு பல் மருத்துவர் வாசலையும் மிதிக்கவில்லை.

பல் ஆட ஆரம்பித்த பிறகு என்னைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தது நம் பழைய மாணவி ஒருத்தி. இப்போது பல் மருத்துவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள். அவளோடு படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். மெல்லிய கம்பி ஒன்றை, அதில் மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும், ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி எண்களைச் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டாள். "மூணு, ரெண்டு, மூணு. நாலு, அஞ்சு, ஆறு. ஏழு, ஏழு, ஆறு." மதிப்பெண் குறைய வேண்டிய தேர்வு இது ஒன்றுதான் போலும். மூன்று வரை இருந்தால் சரியாம். எனக்குப் பல இடங்களில் ஏழு.

"அய்யா, உங்களுக்குப் பெரியோடான்டைட்டிஸ்" என்றாள்.

"பயோரியா இல்லையே?" என்று கேட்டேன்.

"பயோரியாவேதான் அய்யா. பழைய பேர் அது. இப்ப நாங்க அப்படிச் சொல்றதில்ல."

"சீழே இல்லையேம்மா."

அவள் கம்பியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாற்காலிக்கு நாலு கால்தான் இருக்கணுமா அய்யா? நீங்க இப்ப உட்கார்ந்திருக்கிறதுக்கு எத்தனை கால்னு குனிஞ்சு பாருங்க."

அந்த நாற்காலிக்கு ஒரே ஒரு தண்டுதான். நான் வாயைத் திறந்தபடியே மூடமுடியாமல் கிடந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் நடத்தும்போது நாற்காலியைத்தான் காட்டுவேன். நான்கு கால் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. ஆனால் நான்கு கால் உள்ள எல்லாமும் நாற்காலி ஆகிவிடாது. ஆடும் மாடும் கட்டிலும் ஆகாது. அலுவலகத்துச் சுழல் நாற்காலிக்கு ஐந்து கால், அதுவும் நாற்காலிதான். பெயர் வைத்தவன் கண்ணில் முதலில் பட்டது எதுவோ அதுதான் பெயர்க் காரணம். பொருளின் முழு இலக்கணம் அதில் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதை எத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்தேன்! என் வாய்க்குள் வந்தபோது மறந்துபோனேன்.

பயோரியா என்று பெயர் வைத்தவர்கள் கண்டது சீழை. நோய் முற்றியவர்கள்தான் அந்தக் காலத்தில் மருத்துவரைத் தேடிப் போனார்கள். ஈறை அழுத்தினால் சீழ் வந்தது. 19-ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல்களில் அதன் முழுப் பெயர் 'பயோரியா ஆல்வியோலாரிஸ்'. ஆல்வியோலஸ் லத்தீன் சொல். சின்னக் குழி என்று பொருள். பல் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழி. நுரையீரல் பாடத்தில் காற்று நுண்ணறைகளை 'ஆல்வியோலை' என்று படித்தீர்களே, அதன் பன்மைதான் அது. 'ரியா' என்ற ஒழுக்கு உங்களுக்குப் புதிதல்ல. டயரியாவில் இருப்பதும் அதே ஒழுக்குதான்; 'டயா' என்றால் ஊடாக. ஓயாமல் பேசுவதற்கும் 'லோகோரியா' என்று ஒரு சொல் உண்டு. சொல் ஒழுக்கு! அந்த வியாதியும் எனக்கு உண்டு என்பது என் மனைவியின் நெடுநாள் கருத்து.

இதே நோய்க்கு அமெரிக்காவில் 'ரிக்ஸ் நோய்' என்றும் பெயர் இருந்தது. ஜான் ரிக்ஸ் (1811-1885) ஹார்ட்ஃபர்ட் நகரத்துப் பல் மருத்துவர். 1844 டிசம்பரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற சக மருத்துவர் சிரிப்பு வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லைப் பிடுங்கச் சொன்னாரே, வலியில்லாமல் அதைப் பிடுங்கியவர் இவர்தான். பல்லில் படிந்து இறுகும் காரைதான் நோய்க்குக் காரணம், அதை ஈறுக்கு அடியில் போய்ச் சுரண்டி எடுத்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்று அவர் செய்து காட்டினார். அவர் சீழைத் துரத்தவில்லை. பல்லைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

'சுற்றி' என்ற இந்தச் சொல்லில்தான் புதிய பெயரே நிற்கிறது. மருத்துவ மாணவி அன்று எனக்குப் பகுபத உறுப்பிலக்கணம் சொன்னாள். "பிரிச்சுச் சொல்லட்டுமா அய்யா? பெரி, ஓடோன்ட், ஐட்டிஸ்." 'பெரி' என்றால் சுற்றிலும். 'ஓடோன்ட்' பல். வடமொழி 'தந்தம்', லத்தீன் வழி வந்த 'டென்டிஸ்ட்', கிரேக்க 'ஓடோன்ட்' மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். நம் 'பல்' வேறு குடும்பம். கன்னடத்தில் ஹல்லு, மலையாளத்தில் பல்லு.

'ஐட்டிஸ்' என்ற விகுதியில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று அதற்கு அழற்சி என்று பொருள். கிரேக்கத்தில் அதன் பொருள் வெறும் 'உடைய', 'சார்ந்த' என்பதுதான். 'மூட்டைச் சார்ந்த நோய்' என்பதில் நோய் என்ற சொல்லை விட்டுவிட்டு 'ஆர்த்ரைட்டிஸ்' என்று மட்டும் சொன்னார்கள். சொல்லாத சொல்லும் சேர்ந்து பொருள் தந்தது. நம் அன்மொழித்தொகையின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வீங்கிச் சிவக்கிற நோய்களுக்கெல்லாம் அந்த விகுதியைச் சேர்த்துச் சேர்த்து, அதற்கே அழற்சி என்ற பொருள் ஏறிவிட்டது. ஆக, பல்லைச் சூழ்ந்திருப்பவற்றின் அழற்சி. தமிழில் பல்சூழ் திசு அழற்சி எனலாம்.

நம் நாட்டுப் பழைய நூலிலும் இப்படி ஒரு பெயர் இருக்கிறது. சுசுருதர் வாய் நோய்கள் 65 என்று கணக்கிட்டு, அவற்றில் 15-ஐப் பல்லடியில், அதாவது ஈறில் வைக்கிறார். அவற்றில் ஒன்று 'தந்தவேஷ்டம்'. சீழும் ரத்தமும் கசிந்து பல் ஆடும் நோய் அது. 'வேஷ்டம்' என்றால் சுற்றியிருப்பது. வேட்டிக்கும் இதுதான் வேர் என்பார்கள். 'வெட்டு' என்பதிலிருந்து வந்தது வேட்டி என்று வாதாடும் நண்பர்கள் இன்று சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு வியப்பு என்னவென்றால், சீழைக் கண்ணால் கண்டும் அவர் சீழின் பெயரை நோய்க்கு வைக்கவில்லை. இடத்தின் பெயரை வைத்தார். நம்மவர் 'தந்தவேஷ்டம்' என்றதும் பின்னால் வந்தவர்கள் 'பெரியோடான்ட்' என்றதும் பொருளில் ஒன்றுதான்.

இந்த இடத்தை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். சுவரில் அடித்த ஆணி மாதிரி பல் எலும்பில் செருகி நிற்கிறது என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நுண்ணிய நார்கள் இருக்கின்றன. பல் அவற்றில் தொங்குகிறது. ஈறு அதற்கு மேல் மூடிய கழுத்துப்பட்டி. தினமும் பல்லில் படியும் கிருமிப் படலத்தை எடுக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிறது. அதற்கு மருத்துவத்தில் 'கால்குலஸ்' என்று பெயர், லத்தீனில் கூழாங்கல். கல்லை வைத்து எண்ணிக் கணக்குப் போட்டதால் கணிதத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. ஈறு சிவந்து ரத்தம் கசிவது முதல் நிலை, ஜின்ஜிவைட்டிஸ். அந்த நிலையில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் பலருக்கு ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல ஆகிறது. உள்ளே நார் அறுகிறது, எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இத்தனையும் பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கிறது. என் பல் கடைசிவரை நல்ல பல்தான். அதைப் பிடித்திருந்தவைதான் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

பிடுங்கிய பல்லை அவள் ஒரு தட்டில் வைத்துக் காட்டினாள். சொத்தை இல்லாத முழுப் பல். வேரைச் சுற்றிக் கருப்பாகக் காரை. அதைப் பார்த்ததும் எனக்கு என் அம்மா நினைவு வந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் ஒரு பல் இல்லை. ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாக விழுந்தது. சில பல்லை அவளே நூல் கட்டி இழுத்துப் போட்டாள். முறுக்கைச் சின்ன உரலில் இடித்துத்தான் தின்பாள். சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பு வாய்க்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இருக்கும் அவளுடைய ஒரே படத்திலும் வாய் இறுக மூடியிருக்கும். கோபக்காரி போலிருக்கிறாளே என்று என் பேத்தி கேட்டாள். கோபக்காரி இல்லை, எங்கள் தெருவிலேயே அதிகம் சிரிக்கிறவள் அவள்தான். அவளுக்குச் சர்க்கரையும் இருந்தது. 'நம்ம வம்சத்துக்குப் பல் அப்படித்தான்' என்று எல்லாரும் சொன்னோம். பல் விழுவதை வயசு என்று எடுத்துக்கொண்டோம்.

"அம்மாவுக்கும் இதேதானா?" என்று அவளிடம் கேட்டேன். "பார்க்காம சொல்லக் கூடாது அய்யா. இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு, "சர்க்கரை கட்டுக்குள்ள இல்லன்னா இந்த நோய் வேகமாகப் போகும். இந்த நோய் இருந்தா சர்க்கரையைக் கட்டுப்படுத்துறதும் கஷ்டம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கை கொடுக்கும்" என்றாள். எனக்கும் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாதாமாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் வாயிலிருந்து வந்த ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டிருக்கிறேன்.

சிகிச்சைக்கு நான்கு முறை போனேன். ஈறுக்கு மேலும் கீழும் காரையைச் சுரண்டினார்கள். 'கிளீன் பண்ணினால் பல் ஆடும்' என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் விளக்கினாள்: பிடிப்பு முன்பே போன பல்லைக் காரைதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும்; காரையை எடுத்தால் ஆட்டம் வெளியே தெரியும். சுத்தம் செய்ததால் வந்த ஆட்டம் இல்லை அது. ஆடிக்கொண்டிருந்த மூன்றாவது பல்லை இப்போதைக்குக் காப்பாற்றிவிட்டார்கள். போன இரண்டுக்குக் கழற்றி மாட்டும் பல்செட் வந்திருக்கிறது. உமிக்கரியை விட்டுவிட்டேன், மெல்லிய தூரிகையும், பல் இடுக்குக்குச் சின்னத் தூரிகையும் வைத்திருக்கிறேன். ஈறில் இப்போது ரத்தம் இல்லை.

கடைசி நாள் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். "அய்யா, எட்டாம் வகுப்புல ஒரு நாள் நாங்க எல்லாரும் சிரிச்சதுக்கு வெளிய நிக்க வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்னு கரும்பலகையில எழுதினீங்க. ஈறு கெட்டுப்போச்சுன்னா பல் டாக்டர்கிட்ட போகணும்னு பின்னாடி பெஞ்சுல யாரோ சொன்னாங்க. நாங்க சிரிச்சோம்."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. 'ஓடாத குதிரை' என்பது ஓடாக் குதிரை ஆகும்போது ஈற்றில் கெடுகிற எழுத்து எது? 'த'. என் ஈறு கெட்டபோதும் முதலில் போன எழுத்து அதுதான். தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். அந்தப் பின்பெஞ்சுக்காரன் யார் என்று தெரிந்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அன்று வகுப்பில் சரியான மருத்துவ ஆலோசனை சொன்னவன் அவன் ஒருவன்தான்.

இலக்கணத்தில் ஈறு என்றால் முடிவு. யாழ்ப்பாணத்துத் தமிழர் இதே பல் ஈறை 'முரசு' என்கிறார்கள். முடிவு வரும்வரை நான் காத்திருந்தேன். முரசு இருபது வருடம் அடித்துக்கொண்டே இருந்தது, காதில் வாங்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலையில் பல் துலக்கித் துப்பும்போது குனிந்து பாருங்கள். சிவப்பு தெரிந்தால் சீழுக்காகவும் வலிக்காகவும் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் சிவப்பு தெரியாவிட்டாலும் ஒருமுறை போய் அந்த எண்களை வாசித்துக் கேட்டு வாருங்கள். குறிப்பாக எங்கள் வீட்டு மருமக்களும் பேரப்பிள்ளைகளும். 'நம்ம வம்சத்துக்கு அப்படித்தான்' என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

புதுப் பல்லுக்கு நாக்கு இன்னும் முழுக்கப் பழகவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு த, ந, வ என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலச் சொல்லிப் பார்க்கிறேன். பேத்திதான் ஆசிரியை. நேற்று எனக்கு எழுபது மதிப்பெண் கொடுத்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து குரல் பதிவு மீண்டும் வரும். அதன் முதல் சொல் 'வணக்கம்'. உச்சரிப்பில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். வெளியே நிற்கவைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா